நெறி கட்டாத பிள்ளை

போன மாதம் ஆபீசில் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, காதுல அடிக்கடி சீழ் வைக்குதுன்னு என் பையனுக்கு மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டு சதையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எடுத்துட்டா எதிர்ப்புச் சக்தி போயிடும்னு எங்க அத்தை விடமாட்டேங்கிறாங்க. நீங்க இதெல்லாம் பார்த்தவங்க, என்ன செய்யட்டும்?" என்றாள். நான் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "பையனுக்கு நெறி கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். காதைப் பற்றிக் கேட்டால் இவள் ஏன் அக்குளில் கட்டும் வீக்கத்தைப் பற்றிக் கேட்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். அதற்குள் ஆடிட்டர் கூப்பிட்டார், பேச்சு அத்தோடு நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த அரைகுறைப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மகனுக்கு இப்போது பதினொரு வயது. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பெரியவனானதும் அவனே சொல்லிக்கொள்ளட்டும்.

அவனுக்கு முதன்முதலில் காது சீழ் வைத்தபோது பத்து மாதம். காலையில் எழுந்து பார்த்தால் தலையணை உறையில் பழைய எட்டணாக் காசு அளவுக்கு ஒரு மஞ்சள் வட்டம். எறும்பு மொய்க்க ஆரம்பித்திருந்தது. அதற்கடுத்த மூன்று வருடங்களில் அந்த வட்டத்தை எத்தனை உறையில் துவைத்தேன் என்று கணக்கில்லை. வாடை மட்டும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. காய்ச்சல், காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அழுகை, விடியற்காலையில் சட்டென்று அழுகை நிற்கும். நின்றால் சவ்வு கிழிந்து சீழ் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். ஆரஞ்சு வாசமடிக்கும் அந்த ஆன்டிபயாடிக் பவுடர் பாட்டிலில் அம்புக்குறி வரை ஆறவைத்த தண்ணீர் ஊற்றி, நுரை அடங்கும்வரை குலுக்கி, மறுபடி கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலையாகிவிட்டது. இடையில் இரண்டு தடவை நிமோனியா. இரண்டாவது தடவை ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

காரணம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. படுக்கவைத்துப் பால் கொடுத்திருப்பாய், பால் காதுக்குள் போயிருக்கும் என்றார் அத்தை. தலைக்கு ஊற்றும்போது காதில் விரலை வைத்து அடைக்கவில்லை என்றார் எதிர்வீட்டு அக்கா. டாக்டர்கள் சொன்னதிலும் பொய் இல்லை. மூக்குக்குப் பின்னாலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் சின்னப் பிள்ளைகளுக்குக் குட்டையாக, சாய்வில்லாமல் படுத்த மாதிரி இருக்கும். சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். வளர வளரச் சரியாகும் என்றார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் சரியாகவும் ஆகிறது. எதிர்வீட்டுப் பையனுக்குச் சரியாகிவிட்டது. அதனால் நானும் காத்திருந்தேன்.

மூன்று வயதில் முதல் ஆபரேஷன். இரண்டு காதிலும் கிரொமெட் வைத்தார்கள். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இடுப்புச் சிறுத்த நூல்கண்டு போல, அரை அரிசி கூடத் தேறாத அளவில், நடுவில் ஓட்டையோடு ஒரு குழாய். காது சவ்வில் சின்னதாகக் கீறி, உள்ளே கோந்து மாதிரித் தேங்கியிருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டு, கீறலில் இதைச் செருகிவிடுவார்கள். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அதுவாகவே விழுந்துவிடும். வீட்டுக்கு வந்த மறுநாள் சட்னிக்கு மிக்ஸி போட்டேன். பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அதுவரை மிக்ஸி ஓடினாலும் குக்கர் விசில் அடித்தாலும் அசையாமல் தூங்குவான். எவ்வளவு சமத்து என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அன்று அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மூன்று வாரம் நிம்மதி. நாலாவது வாரம் குழாய் வழியாகச் சீழ் வர ஆரம்பித்தது. முன்பாவது சவ்வு கிழிந்து வடிந்து ஆறும். இப்போது வாசல் திறந்தே இருந்ததால் நாள் முழுக்க வடிந்தது. சொட்டு மருந்து மாற்றினார்கள், ஆன்டிபயாடிக் மாற்றினார்கள். நாலு மாதத்தில் இடது காதுக் குழாய் விழுந்தது, துவாரம் மூடியது, உள்ளே மறுபடி தேங்கியது. "அடினாய்டையும் எடுத்துட்டு, கூடவே புதுக் குழாய் வச்சிடலாம். இரண்டாவது தடவைக்கு அதுதான் முறை" என்றார் இ.என்.டி. டாக்டர். மூக்குக்குப் பின்னால் தொங்கும் அந்தச் சதை வீங்கினால் காதுக் குழாயின் வாயை அடைக்கும், கிருமிகளும் அதில் குடியிருக்கும். நாலு வயதுக்கு மேல் மறுபடி குழாய் வைக்கும்போது அதை எடுத்துவிடுவது உலகம் முழுக்க நடப்பதுதான். அதில் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தபோது பையன் தலையை ஆட்டி அழுது படம் கலங்கலாக விழுந்தது. "பரவாயில்ல, உள்ளே போய்ப் பார்த்துக்கலாம்" என்றார். அந்த ஒரு வரியில்தான் எனக்கு இன்னமும் மனத்தாங்கல்.

டார்ச் லைட்

2018-இல் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். மறுநாள் காலை ஏழரைக்கு ஆபரேஷன். மயக்க மருந்துக்கு ஃபிட்னஸ் வாங்கிவிட்டு வரச் சொன்னார்கள். கடைசிச் சடங்கு, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்று நினைத்துப் போனேன். அறுபதைத் தொட்ட ஒரு அம்மா, கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். அவர் வைத்திருந்த பேனா டார்ச் ஒழுங்காக எரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார், எரிந்தது. "சிங்கம் எப்படி கத்தும்? ஆஆ..." என்றார். பையன் வாயில் மென்றுகொண்டிருந்த பிஸ்கட்டோடு சிங்கமானான். பிஸ்கட்டை விழுங்கவைத்து, தண்ணீர் கொடுத்து, மறுபடி சிங்கம்.

மயக்க டாக்டர்கள் வாயைப் பார்ப்பது குழாய் விடுவதற்கு வழி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. இவர் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "டான்சில் எப்பம்மா எடுத்தீங்க?" என்றார்.

"எடுக்கலையே டாக்டர். நாங்க காதுக்கு வந்திருக்கோம்."

ஃபைலில் இருந்த பெயரைப் பார்த்தார். பையனிடம் பெயர் கேட்டார், அவன் சொன்னான். நாக்கை அழுத்தும் குச்சியை எடுத்து மறுபடி பார்த்தார். அவன் குமட்டி, கண்ணில் தண்ணீர் வந்தது. "எடுத்த தழும்பும் இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் தடவினார். தாடைக்குக் கீழே, காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில். கூச்சத்தில் அவன் நெளிந்து சிரித்தான். "இத்தனை தடவை சீழ் வச்சிருக்குன்னு எழுதியிருக்கு. கழுத்துல ஒரு உருண்டைகூடத் தட்டுப்படலையே. இவனுக்கு நெறி கட்டுமாம்மா?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "இல்லவே இல்ல டாக்டர். முழங்கால்ல விழுந்து புண்ணாகிச் சீழ் பிடிச்சப்பக்கூடக் கட்டல." அவர் சிரிக்கவில்லை. ஃபைலைப் பின்னாலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.

இரண்டாவது நிமோனியாவின்போது எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் அதில் இருந்தன. கல்லீரல் பரிசோதனை ஒன்று. பிலிருபின் சரி, என்சைம்கள் சரி, ஆல்புமின் 4.2, சரி. அதற்குக் கீழ் வரியில் குளோபுலின் 1.3. பக்கத்தில், குறைவு என்பதற்கு அச்சிடும் ஒற்றை எழுத்து. அவர் நகத்தால் அந்த எண்ணின் அடியில் ஒரு கோடு இழுத்தார். எட்டு மாதமாக அந்தத் தாள் என் பையில், என் பீரோவில், என் மடியில் இருந்திருக்கிறது. எனக்குப் பிழைப்பே எண்களைப் பார்ப்பதுதான். ஒரு கம்பெனியின் டே புக்கில் நானூறு ரூபாய் உதைத்தால் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவேன். இந்தத் தாளை நான் மூன்று டாக்டர்களிடம் நீட்டியிருக்கிறேன், மூன்று பேரும் கல்லீரலைப் பார்த்தார்கள், கல்லீரல் நன்றாக இருந்தது.

அந்தக் குளோபுலின் எண்ணுக்குள்தான் நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகள் அடங்கியிருக்கின்றன. அதைத் தயாரிப்பது ரத்தத்தில் இருக்கும் பி செல்கள். டான்சில், அடினாய்டு, நெறி கட்டும் இடங்கள் எல்லாமே அந்தச் செல்கள் வந்து தங்கிப் பெருகும் ஊர்கள். குடிவர ஆளே இல்லையென்றால் ஊர் எப்படி வளரும்? இதை அந்த அம்மா அன்று ஐந்து நிமிடத்தில் ஒரு பிரிஸ்கிரிப்ஷன் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினார். முழுதாகப் புரிந்ததென்று சொன்னால் பொய். ஒன்று மட்டும் புரிந்தது. நாளைக் காலை எடுக்கப்போவதாகச் சொன்ன அந்தச் சதை என் பிள்ளைக்கு இல்லாமலே இருக்கலாம்.

"நாளைக்கு நான் மயக்கம் கொடுக்க மாட்டேன்" என்றார். போனில் இ.என்.டி. டாக்டரோடு பேசியது பாதிதான் காதில் விழுந்தது. "நெஞ்சுல என்ன இருக்குன்னே தெரியாம எப்படி சார் தூங்க வைக்கிறது" என்பது நன்றாகக் கேட்டது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரருக்குக் கோபம். லீவு போட்டாச்சு, இன்சூரன்ஸ் அப்ரூவல் வந்தாச்சு, ஊரிலிருந்து அப்பா அம்மா பஸ் ஏறியாச்சு. "பேட்டரி செத்த டார்ச்சை வச்சுக்கிட்டு அந்தம்மா என்னத்தப் பார்த்துச்சு" என்று படி இறங்கும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

தாய்மாமன் மடி

கிளம்புவதற்கு முன் அந்த மயக்க டாக்டர் கேட்ட கடைசிக் கேள்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். "உங்க அம்மா வீட்டுப் பக்கம் ஆம்பளப் பிள்ளைங்க யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?"

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். 1979-இல் பிறந்து 1984-இல் போய்விட்டான். நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. எங்கள் வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு கிடையாது. ஒரு படம் உண்டு. அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில். மூளைக்காய்ச்சல் என்று மட்டும் தெரியும். என் மகனுக்குக் குலசாமி கோயிலில் காது குத்தியபோது மடியில் உட்காரவைக்கத் தாய்மாமன் இல்லாமல், பெரியம்மா மகனை முறைக்கு அழைத்து உட்காரவைத்தோம். ஆசாரி குத்தும்போது பிள்ளை அழுதான், எல்லாரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் கோயில் கிணற்றடிக்குப் போய் நின்றுகொண்டாள். பழைய துக்கம் என்று விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை ராத்திரி ஊரிலிருந்து வந்து இறங்கிய அம்மாவிடம் கேட்டேன். "அண்ணனுக்குக் காதுல ஏதாவது இருந்துச்சாம்மா?" அவள் முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தாள். "எந்நேரமும் சீழு ஒழுகும். பூண்டைப் போட்டு எண்ணெய் காய்ச்சி விடுவேன். பள்ளிக்கூடத்துல பக்கத்துல உட்கார மாட்டேன்னு பிள்ளைக எந்திரிச்சுப் போவாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் மகனின் காதை முகர்ந்து பார்த்த முதல் நாளே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் பலித்துவிடும் என்று மூன்று வருடமாக அடக்கி வைத்திருக்கிறாள்.

ஆன்டிபாடி அளவைப் பார்க்க எடுத்த ரத்தப் பரிசோதனையின் ரிசல்ட் பத்து நாளில் வந்தது. அந்த வயதுக்கு 500-க்கு மேல் இருக்க வேண்டிய ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, 90-க்குக் கீழே. மற்ற வகைகளான ஐஜிஏ, ஐஜிஎம் இரண்டும் இல்லையென்றே சொல்லலாம். பி செல் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. பின்னர் ஜீன் பரிசோதனையிலும் உறுதியானது. எக்ஸ்-லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா என்று பெயர், எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீனின் கோளாறு. அம்மாவுக்கு ஒன்றும் செய்யாது, மகனுக்கு வரும். என் அம்மாவிடமிருந்து அண்ணனுக்கும் எனக்கும், என்னிடமிருந்து இவனுக்கும். ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் ஆறு மாதம் பிள்ளை நன்றாக இருந்ததற்கும் காரணம் கிடைத்தது. கர்ப்பத்தில் என் ரத்தத்திலிருந்து அவனுக்குப் போன ஆன்டிபாடிகள் அதுவரை காவல் நின்றிருக்கின்றன. கொடுத்ததும் நான், கெடுத்ததும் நான் என்று பல ராத்திரி புரண்டிருக்கிறேன். மூத்தவள் பெண், அவளுக்கும் இது கடந்திருக்கலாம். சோதிக்கவில்லை. பதினெட்டு வயதானதும் அவளே முடிவு செய்யட்டும் என்பதில் நானும் அவள் அப்பாவும் ஒரே கட்சி. நாங்கள் ஒத்துப்போன அபூர்வமான விஷயங்களில் அதுவும் ஒன்று.

குலுக்கக் கூடாத பாட்டில்

மருத்துவம் என்று பார்த்தால் சுருக்கம்தான். அவன் உடம்பு தயாரிக்காததை வெளியிலிருந்து கொடுப்பது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின். உடம்பில் ஏறியது மூன்று வாரத்தில் பாதியாகக் கரைந்துவிடும் என்பதால் மூன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க ஏற்ற வேண்டும். எடைக்குத் தகுந்த கணக்கு. பதினைந்து கிலோ இருந்த அவனுக்கு அன்று ஏழரை கிராம். ஐந்து கிராம் பாட்டில் ஒன்று, இரண்டரை கிராம் பாட்டில் ஒன்று. முதல் நாள் பழக்கதோஷத்தில் பாட்டிலைக் கையில் வாங்கிக் குலுக்கப்போனேன். சிஸ்டர் பாய்ந்து வந்து பிடுங்கினார். "இதை நுரை கட்ட விடக் கூடாதும்மா." ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சில்லென்று இல்லாமல் ஆகும்வரை மேசையில் சும்மா வைத்திருந்து, ஆரம்பத்தில் மெதுவாகச் சொட்டவிட்டு, காய்ச்சல் நடுக்கம் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வேகத்தைக் கூட்டுவார்கள். அரை நாள் போய்விடும்.

பணத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு அதோடு நின்றுவிடும். பிறவிக் கோளாறு என்று இன்சூரன்ஸ் கையை விரித்தது. நகை போனது. 2021-இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் இந்த நோயும் இந்த மருந்தும் இடம்பெற்றிருக்கின்றன. அடுத்த வருடம் உதவியின் உச்சவரம்பை 50 லட்சமாக உயர்த்தினார்கள். புதிதாக இந்த வட்டத்துக்குள் வருபவர்கள் அதற்கென்று நியமித்த மையங்களில் முதலில் பெயரைப் பதிந்துவிடுங்கள். என்னைப் போல ஒரு வருடம் அலைந்துவிட்டுப் பதியாதீர்கள்.

எதிர்பாராத இடத்தில் இடித்தது போலியோ சொட்டு மருந்து. அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். இந்த நோயுள்ள பிள்ளைகளின் குடலில் அது அழியாமல் தங்கி, அரிதாகப் பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோகலாம். பிறந்ததிலிருந்து முகாம் தவறாமல் தூக்கிக்கொண்டு போய் வாயைத் திறந்து காட்டி, சுண்டுவிரலில் மை வாங்கியவள் நான். ஒவ்வொன்றாக டாக்டர் எண்ணச் சொன்னபோது விரல் போதவில்லை. மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நல்லவேளை, ஒன்றும் இல்லை. அதைவிடக் கஷ்டம் வீட்டுக்குள். மாடியில் கொழுந்தனார் குடும்பம், கைக்குழந்தை. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரங்களுக்கு வைரஸ் வெளியேறும் என்பதால் அந்தக் குழந்தைக்கும் சொட்டுக்குப் பதில் ஊசியாகப் போடச் சொன்னார்கள். "உங்க பிள்ளைக்கு ஒத்துக்கலேன்னா எங்க பிள்ளைக்கு ஏன் நிறுத்தணும்?" என்றாள் ஓரகத்தி. நியாயமான கேள்வி. ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது என்று ஊரே கூவி, 2014-இல் நாடு போலியோ இல்லாத நாடாகச் சான்று வாங்கிய காலம். முகாம் ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வந்த அங்கன்வாடி அக்காவிடம் டாக்டர் சீட்டை நீட்டியபோது அவர் என்னை ஏதோ வதந்தியை நம்பும் ஆளாக நினைத்துக்கொண்டு அரைமணி நேரம் புத்தி சொன்னார். ஓரகத்தி கடைசியில் ஊசியே போட்டாள். அதற்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கிறேன்.

காதுக்கு வருவோம். மருந்து ஆரம்பித்த மூன்றாம் மாதம் இடது காது காய்ந்தது. ஐந்தாம் மாதம் வரை வலது காது காயவில்லை. ஏற்றும் மருந்தில் இருப்பது கிட்டத்தட்ட ஐஜிஜி மட்டும்தான். மூக்கு, தொண்டை, காதின் ஈரமான உள்தோலில் காவலிருக்கும் ஐஜிஏ-வை அது ஈடுகட்டாது. நிமோனியா போன்ற பெரிய ஆபத்து விலகினாலும் சளியும் காதும் முழுதாக விட்டுவிடுவதில்லை. கேட்கும் திறனைச் சோதித்தபோது வலது பக்கம் மந்தமாகத்தான் இருந்தது. பேச்சு வளரும் வயது. ழ, ள, ல மூன்றும் அவனுக்கு ஒன்று. மறுபடி குழாய் வைக்கத்தான் வேண்டும் என்றார்கள்.

இந்தத் தடவை எல்லாம் வேறு மாதிரி நடந்தது. வடியும் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, என்ன கிருமி, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்தார்கள். நெஞ்சுக்கு ஸ்கேன் எடுத்தார்கள்; பழைய நிமோனியாவின் வடு ஒரு ஓரத்தில் இருந்தது. ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் மருந்து ஏற்றி, உடம்பில் அளவு கூடியிருக்கும் நேரமாகத் தேதி குறித்தார்கள். தியேட்டரில் அன்றைய முதல் கேஸ் அவன். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்த புது இ.என்.டி. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மூக்குக்குப் பின்புறம் வழவழவென்று ரோஸ் நிறத்தில் வெறும் சுவர். "ஏற்கெனவே யாரோ எடுத்து முடிச்ச மாதிரி இருக்கு பாருங்க." குழாய் வைக்கப் பத்து நிமிடம். மயக்கம் கொடுத்தது அதே காட்டன் புடவை அம்மாதான். நாங்கள் கேட்டு வாங்கிய ஒரே சலுகை. டார்ச் புதிதாக இருந்தது.

முதலில் திட்டமிட்டபடி அந்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பின்னர் ஒருநாள் கேட்டேன். "ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம்மா. உள்ள போய்ப் பார்த்து, சதை இல்லைன்னு தெரிஞ்சு, குழாயை மட்டும் வச்சுட்டு அனுப்பியிருப்பாங்க" என்றார். எனக்குப் பயமே அந்தப் பதிலில்தான். அசம்பாவிதம் நடந்திருந்தால் யாராவது தேடியிருப்பார்கள். ஒன்றும் நடக்காமல் வீட்டுக்கு வந்திருந்தால் மறுபடி தலையணை உறை, மறுபடி ஆரஞ்சு பாட்டில், மூன்றாவது குழாய். எங்கள் அண்ணனுக்கு வந்தது வரும்வரை.

ஆனால் இதைப் படித்துவிட்டு அடினாய்டு ஆபரேஷனே ஏமாற்று என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். மருந்து ஏற்றும் வார்டில் ஏழு வருடமாக உட்கார்ந்து நான் பார்த்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை. ஐஜிஏ மட்டும் குறைவான ஒரு பெண் குழந்தைக்கு அடினாய்டு மூக்கை அடைத்துக்கொண்டு நிற்கும், ராத்திரி மூச்சு திணறும். எடுத்த பிறகுதான் வாயை மூடித் தூங்கினாள். ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் காதில் அதே தொல்லை. வெள்ளை அணுவும் தட்டணுவும் ஏறும்வரை யாரும் கத்தியைத் தொடவில்லை, காத்திருந்ததில் அதுவே வற்றிவிட்டது. இன்னொரு பையனுக்குப் பிறவியிலேயே 22-வது குரோமோசோமில் ஒரு துண்டு இல்லை. எதிர்ப்புச் சக்தியும் குறைவு, அண்ணமும் குட்டை. அந்தக் குட்டையான அண்ணம் பேசும்போது எட்டித் தொட்டு மூக்கை அடைக்க அடினாய்டுதான் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது தெரியாமல் எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து பேச்செல்லாம் மூக்கு வழியாகத்தான் போகிறது. மூன்று பேருக்கும் ஒரே ஆபரேஷன் பெயரைத்தான் சீட்டில் எழுதியிருந்தார்கள்.

ஆகவே அந்த ஆபீஸ் பெண்ணுக்குப் பதில்: உன் அத்தையின் பயம் தேவையில்லாதது. நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கு அடினாய்டு எடுப்பதால் சக்தி போய்விடாது. அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்கள் இருக்கின்றன. ஒரு வருடத்தில் நாலோ அதற்கு மேலோ புதிதாகக் காது சீழ், இரண்டு நிமோனியா, இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காத நிலை, குடும்பத்தில் இந்த நோய் என்று ஏதாவது இருந்தால் கத்திக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கு. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்று வாயைத் திறந்து பெயர் சொல்லிக் கேள். உன் பையனுக்குக் காய்ச்சலின்போது கழுத்தில் நெறி கட்டினால், டான்சில் பெரிதாக இருந்தால், என் மகனுக்கு வந்த இந்த நோயாக இருக்க வாய்ப்புக் குறைவு. மற்றதற்கும் அது உத்தரவாதமில்லை. அன்று டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துக்கொண்டு இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ மருந்து ஏற்றப் போனபோது அம்மா துணைக்கு வந்திருந்தாள். அதற்குள் நான் நிறையப் படித்திருந்தேன். இந்த நோயை முதலில் கண்டு எழுதியவர் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர், 1952-இல். எட்டு வயதுப் பையன் ஒருவனுக்குத் திரும்பத் திரும்ப நோய்த்தொற்று வந்துகொண்டே இருக்க, ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தபோது அவனிடம் காமா குளோபுலினே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்ததை மாதாமாதம் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார், பையன் தேறினான். 1952. அண்ணன் பிறப்பதற்கு 27 வருடம் முன்னால்.

வார்டில் மகன் தூங்கிவிட்டான். அம்மா கையோடு கொண்டுவந்திருந்த மொச்சையை உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது. பாட்டிலில் சொட்டு இறங்குவதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, இந்த மருந்து அப்பவே இருந்துச்சா?"

"இல்லம்மா. இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்பச் சரி" என்றாள். உரித்த மொச்சையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, தோலை மடியிலிருந்து உதறாமல் கையால் வழித்து எடுத்தாள்.